வேலியோரம் ஒரு குரல்

கூடார முகாம், கேன் ஃபோர்க் ஓடை முகம்,
மேற்கு வர்ஜீனியா
1920 நவம்பர் 9

அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. கம்பெனி வீட்டில், கம்பெனி அடுப்புக்கு முன்னால், கம்பெனிக் காவல்காரரின் மனைவியாக உட்கார்ந்திருக்கிறாய். சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்?

நாங்கள் எங்கே கிடக்கிறோம் என்பதையாவது தெரிந்துகொள். ஓடை ஆற்றில் விழுகிற இடத்தில், சுரங்கத் தொழிலாளர் சங்கம் குத்தகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தில், ஒரு துணிக் கூடாரத்துக்குள் இருக்கிறோம். எட்டடிக்குப் பத்தடி. என் டெல்ஃபாவுக்கு வயிற்றில் ஆறு மாதம். அவளால் குனிந்து உள்ளே வர முடியவில்லை, வந்தால் வெளியே போக முடியவில்லை. இப்படி முப்பத்தெட்டுக் குடும்பம். சங்கத்தில் சேர்ந்தவனுக்கு வேலை கிடையாது, வேலை இல்லாதவனுக்குக் கம்பெனி வீடு கிடையாது. இருபத்திரண்டு வருடம் கரி வெட்டி, கடைசியில் சுரங்கக் கூரை இடிந்து விழுந்து அப்பா செத்தாரே, அந்தக் கணக்கெல்லாம் யார் மனசிலும் இல்லை.

சனிக்கிழமை மழையில் ஒன்பது காவல்காரர்கள் வந்தார்கள். உன் காவல்தெய்வமும் வந்தார். கட்டில் வெளியே போனது, மாவுப் பீப்பாய் வெளியே போனது, எரிந்துகொண்டிருந்த அடுப்பு அப்படியே வெளியே போனது. தெரு முழுக்கச் சாமான். அம்மாவின் கடிகாரம் சேற்றில் மல்லாந்து கிடந்து ஓடிக்கொண்டிருந்தது.

அதையெல்லாம்கூட ஒரு நாள் மன்னித்துத் தொலைப்பேன். என்னால் தாங்க முடியாதது வேறு. உன் லெஸ்டர் வேலியில் நிற்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. நேராகப் படியேறி, நேராகக் கதவைத் தட்டினார். இந்த மலையில் பிறந்த நாய்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை குரைத்துவிட்டுத்தான் வரும். வேலியில் நின்று பெயரைச் சொல்லவேண்டும், வீட்டுக்காரன் அதே பெயரைத் திருப்பிச் சொல்லி வா என்று கூப்பிட வேண்டும், அதற்கப்புறம்தான் கால் உள்ளே வரலாம். சொல்லாமல் வருகிறவன் ஒன்று திருடன், இல்லையென்றால் சாராயம் பிடிக்க வந்த சர்க்கார் ஆள். அவனைச் சுட்டால் ஊரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அன்றைக்கு என் கை கதவுக்கு மேலிருந்த துப்பாக்கிவரைக்கும் போனது. டெல்ஃபா கையைப் பிடித்துக்கொண்டாள். நீ விதவையாகாமல் போனதற்கு அவளுக்கு நன்றி சொல்.

இதை மருத்துவச்சி டெம்ப்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் கம்பெனிக் கடைக்காரன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவான். பிள்ளைப்பேறு பார்க்கிறவளை மட்டும் இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறார்கள்.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஹோபர்ட்

•

மேல் முகாம்
1920 நவம்பர் 17

ஹோபர்ட்டுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதிவிட்டு, பதிலை வாங்காமல் வரக்கூடாது என்று டெம்ப்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து மூன்று கோப்பைக் காப்பி குடித்துவிட்டாள். உன் கோபத்துக்கு நான்தான் காப்பிப்பொடி வாங்குகிறேன்.

கேள். அடுப்பை வெளியே போட்டது அவர்தான். கூரை ஓரமாக, மழை படாத இடத்தில் வைத்தார். பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய், உன் கண் துப்பாக்கியில் இருந்தது. அம்மாவின் நிலைக்கண்ணாடியைப் போர்வையில் சுற்றி வைத்தது யார்? அதுவும் அவர்தான். மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. “உன் தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை எங்கே கொண்டு வைக்கிறது”ன்னு கேட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

குரல் கொடுக்கவில்லை என்கிறாய். அவர் நார்ஃபோக் துறைமுகத்துக்காரர். அங்கே வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும், கதவைத் தட்டுவதுதான் மரியாதை. உனக்கு ஞாபகம் இருக்கும், என்னைப் பெண் கேட்க வந்த அன்றைக்கும் இப்படித்தான் பூச்செண்டோடு நேராகப் படியேறி வந்தார். அப்பா துப்பாக்கியை எடுத்துவிட்டார். நடுவில் நின்றது நான். அப்பா கடைசிவரைக்கும் அவரைப் ‘பூச்செண்டுத் திருடன்’ என்றுதான் கூப்பிட்டார், ஆனால் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். நீதான் சிரிக்கவே இல்லை.

நானும் நூறு தடவை சொல்லிவிட்டேன். “நடுரோட்டில நின்னு என் பேரை நானே கத்துறதுக்கு நான் என்ன மீன் விக்கிறவனா”ங்கிறார். கூச்சம். வேறொன்றுமில்லை.

வேலையை விடச் சொல் என்று நீ எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதைத்தான் சொல்கிறாய். விட்டால் மறுநாள் எங்கள் சாமானும் தெருவில் கிடக்கும். அவரைச் சங்கத்துக்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா? உன் கூடாரத்தில் இடம் தருவாயா? முதலில் அதற்குப் பதில் சொல், பிறகு என்னைத் திட்டு.

கம்பளிக் காலுறை மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன். இரண்டு டெல்ஃபாவுக்கு. உனக்கு ஒன்று போதும்.

ஆர்லீனா

•

கூடார முகாம்
1920 டிசம்பர் 19

அக்காவுக்கு,

காலுறைக்கு நன்றி. டெல்ஃபா மூன்றையும் போட்டுக்கொண்டாள்.

நீ கேட்ட கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கூடாரத்தில் இடம் இருக்கிறது. உனக்கு இருக்கிறது. அவருக்கு இருக்கிறதா என்று முகாமில் கேட்டால் என்னை ஆற்றில் தள்ளுவார்கள். போன வாரம் முகாமுக்கு மேலே உள்ள மேட்டிலிருந்து இரண்டு லாந்தர் வெளிச்சம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே மரத்தை வெட்டிச் சாய்த்து மறைப்புக் கட்டுகிறார்கள், யந்திரத் துப்பாக்கி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. உன் வீட்டுக்காரர் உன்னிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் நீ என்னிடம் சொன்னாயா?

பனி ஒரு முழம். கூரைத் துணி தொய்ந்து மூக்கைத் தொடுகிறது. சாப்பாட்டுக்கு அவரைக்காயும் சோள ரொட்டியும், மறுநாள் சோள ரொட்டியும் அவரைக்காயும். டெல்ஃபா உள்ளே இருக்கிற குழந்தைகூட அவரைக்காய் நிறத்தில்தான் பிறக்கும் என்கிறாள்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பாய். கூடாரத்துக்கு வேலி இல்லை. வருகிறவர்கள் எங்கே நின்று குரல் கொடுப்பது என்று தெரியாமல் துணிக்கு வெளியே நின்று இருமுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மேட்டுப்பாதை வந்து சேருகிற பக்கம் இரண்டு முளை அடித்து, குறுக்கே ஒரு கட்டை வைத்தேன். அவ்வளவுதான் வேலி. ரெண்டடி நகர்ந்தால் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். முகாம் முழுக்க என்னைக் கேலி செய்தது. ஆனால் இப்போது அத்தனை பேரும் அந்தக் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கூப்பிடுகிறார்கள். மனுஷன் வாழ்கிற இடம் மாதிரி இருக்கிறது.

நடுவில் உன் வீட்டுக்காரர் டெம்ப்பியிடம் கொடுத்தனுப்பிய பூட்ஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல பூட்ஸ்தான், என் காலுக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது கம்பெனி காவல்காரர்களுக்குக் கொடுத்தது. அந்த மாதிரி பூட்ஸ் காலோடுதான் எங்கள் கதவுக்கு வந்தார். அதில் என் காலை விடமாட்டேன்.

ஹோபர்ட்

•

மேல் முகாம்
1920 டிசம்பர் 27

ஹோபர்ட்டுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று காலையில் டெம்ப்பி அந்தப் பூட்ஸை மேஜைமேல் வைத்தாள். அவர் பார்த்தார். எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துத் தன் காலிலேயே மாட்டிக்கொண்டார். அவருடைய பழைய பூட்ஸில் ஓட்டை. தனக்கென்று வந்ததை உனக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதமாக ஈரக்காலோடு நடந்தார், உனக்குத் தெரியாது. உனக்கு ஏன் தெரியப்போகிறது? உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் ரோஷம் ஒன்றுதான்.

உன்னை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த மலை ஏறி இறங்கியிருக்கிறேன். அப்போதே நீ காலால் உதைப்பாய்.

இன்னொன்று சொல்கிறேன், பிறகு எழுதமாட்டேன். யந்திரத் துப்பாக்கி உண்மைதான். அவர் சொன்னார், நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் முந்திக்கொண்டு மேட்டைப் பிடிக்கப் போவீர்கள், அங்கே காவல் முறையில் அவரும் நிற்பார். நீ சுடுவாய், அவர் விழுவார். அல்லது அவர் சுடுவார், நீ விழுவாய். இந்த ஒரு பயத்தோடுதான் படுக்கிறேன், இதே பயத்தோடுதான் எழுந்திருக்கிறேன். உங்கள் சங்கமும் வேண்டாம், அவர்கள் கரியும் வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்தால் போதும் எனக்கு. சுயநலம்தான். ஆமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோழிக்கூட்டுப் பக்கம் ஏதோ சத்தம். நரியென்று நினைத்துக் கட்டையோடு போனேன். இவர் நின்றுகொண்டு, “லெஸ்டர் பார்ட்லோ வந்திருக்கேன்... லெஸ்டர் பார்ட்லோ...” என்று கோழிகளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் சிவந்துபோய், “எந்த இடத்தில குரலை ஏத்தணும், பேர்லயா, வந்திருக்கேன்லயா?”ன்னு கேட்டார். டெல்ஃபாவுக்குக் குழந்தை பிறந்ததும் பார்க்க வரவேண்டுமாம். அதற்குத்தான் பயிற்சி.

இந்த மனிதரின் பூட்ஸைத்தான் நீ திருப்பி அனுப்பினாய்.

ஆர்லீனா

•

கூடார முகாம்
1921 ஜனவரி 30

அக்காவுக்கு,

பெண் குழந்தை. இருபத்தாறாம் தேதி. வெர்ஸி என்று பெயர். டெம்ப்பி வாயால் கேட்டிருப்பாய், ஆனாலும் நானே எழுத வேண்டும் என்று தோன்றியது. அவரைக்காய் நிறம் இல்லை. உன் மூக்கு. பாவம்.

ஒரு மாதம் நீ எழுதவில்லை. டெம்ப்பி வரும்போதெல்லாம் அவள் பையைப் பார்த்தேன். வெறும் பை. பூட்ஸ் விஷயத்தில் நான் செய்தது தப்பு. இதை எழுத நாலு தடவை பேப்பரைக் கிழித்தேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. செவ்வாய்க்கிழமை மேட்டிலிருந்து பயமுறுத்தச் சுட்டார்கள். எங்கள் காப்பிக் கெட்டிலில் ஓட்டை. எங்கள் ஆட்களில் சிலர் மேட்டுக்கு ஏறலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். கோழை என்றான் ஒருவன். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நீ எழுதியது எனக்குள் கிடந்து உருண்டுகொண்டே இருக்கிறது, நான் சுடுவேன் அவர் விழுவார் என்று. அது நடக்காது. என் கையால் நடக்காது. இதைச் சத்தியமாக வைத்துக்கொள்.

குழந்தையைப் பார்க்க வரட்டும். துப்பாக்கி இல்லாமல் வரவேண்டும். மேட்டுப்பாதையில் இறங்கி என் ஒற்றைக் கட்டை வேலிக்கு வந்து நின்று, கோழியிடம் சொன்னதை என்னிடம் சொல்லட்டும். சொன்னால் நான் பதில் கொடுப்பேன். நன்றாகவே கொடுப்பேன். ஊரே கேட்கிற மாதிரி பெயரைச் சொல்லி, வாங்க மச்சான் என்று கூப்பிடுவேன். இரண்டு வருடமாக அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. வரும் என்று சொல்.

ஹோபர்ட்

•

மேல் முகாம்
1921 பிப்ரவரி 13

ஹோபர்ட்டுக்கு,

வியாழக்கிழமை காலை அவரை ஒரு கதவுப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நேற்று அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

புதன்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் உட்காரவே இல்லை. மறுநாள் பனிமூட்டம் விலகினதும் மேட்டிலிருந்து முகாம்மேல் சுடப்போகிறார்கள், இந்தத் தடவை பயமுறுத்த இல்லை என்றார். டெம்ப்பி வேறு ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். அனுப்ப ஆள் இல்லை. “அங்க பதினஞ்சு நாள் குழந்தை இருக்கு. நீங்க போங்க”ன்னு சொன்னது நான். அவராகப் போகவில்லை, நான் அனுப்பினேன். இதை எழுதிவைக்கிறேன், நாளைக்கு நானே மறந்ததுபோல் நடிக்கக்கூடாது பார்.

விடியுமுன் கிளம்பினார். வாசலில், வேலியில் நின்று கூப்பிடுங்கள் என்றேன். தெரியும் ஆர்லி என்று சிரித்தார்.

கம்பெனி வக்கீல் வந்தார். என் மேஜைமேல் ஒரு காகிதம் இருக்கிறது. சமாதானம் பேச வந்த லெஸ்டர் பார்ட்லோவை, ஹோபர்ட் முல்லின்ஸ் தன் கூடார வாசலில் நின்று நேருக்கு நேர் மார்பில் சுட்டான் என்று எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. போட்டால் கோடைவரை இந்த வீட்டில் இருக்கலாம். போட்டால் உன்னைத் தூக்கில் போடுவார்கள், அதை வக்கீல் சொல்லவில்லை, எனக்கே தெரியும். சனிக்கிழமைவரை அவகாசம்.

என்ன நடந்தது? எனக்கு ஆறுதல் வேண்டாம். நடந்தது மட்டும் வேண்டும்.

ஆர்லீனா

•

கூடார முகாம்
1921 பிப்ரவரி 15

அக்கா,

நடந்ததை எழுதுகிறேன். விட்டுப்போகாமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். மூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. டெல்ஃபா குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அதைத் தொட்டிலில் போட்டாள். நான் அடுப்பில் காப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல். “ஹோபர்ட்... நான்தான்... வந்திருக்கேன்.”

பெயர் சொல்லவில்லை, அக்கா. முதலில் எனக்கு அது புரியவில்லை. ஆனால் அந்தக் கடற்கரைப் பேச்சு இழுவையை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். நான் கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தேன். கட்டைக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் கட்டைமேல் வைத்துக்கொண்டு, கம்பெனிக் கோட்டு என்று தெரியாதபடி அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு மனுஷன் நின்றுகொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு வரவில்லை. அந்த ஒன்றுமில்லாத வேலிக்குப் பின்னால் நான் கூப்பிடுகிறவரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உனக்குச் சத்தியம் செய்து எழுதியிருந்தேனே, அது நினைவுக்கு வந்தது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, தொண்டை கிழியக் கத்தினேன். “லெஸ்டர் பார்ட்லோ! வாங்க மச்சான்! நம்ம வீடுதான், உள்ள வாங்க!”

மேடு திருப்பிச் சொன்னது. இங்கே எதைக் கத்தினாலும் மேடு திருப்பிச் சொல்லும்.

அவர் கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். அதுவரைக்கும் மேட்டில் இருக்கிறவர்களுக்கு அவர் வேலியருகே நிற்கிற யாரோ ஒரு முகாம்காரன். நான்தான் அவர் யார் என்று சொன்னேன். பெயரோடு, முழுசாகச் சொன்னேன். மேட்டிலிருந்து ஒரே ஒரு வெடி. மச்சான் கட்டைமேல் சாய்ந்தார், கட்டை முளையோடு விழுந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். “குழந்தையைத் தரையில போடு. மேலேருந்து சுடப் போறாங்க. எல்லாரையும் ஓடைக்கரைக்குக் கீழ கொண்டு போ”ன்னார். நான் திரும்பிக் கத்தினேன். டெல்ஃபா குழந்தையை எடுத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். மற்றவர்கள் கரைக்குக் கீழே இறங்க இறங்கவே யந்திரத் துப்பாக்கி ஆரம்பித்துவிட்டது. அதற்குப்பின் கால் மணி நேரம். கூடாரங்கள் எல்லாம் சல்லடை. தொட்டிலின் தலைப்பக்கம் மூன்று ஓட்டை. முப்பத்தெட்டுக் குடும்பத்தில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நான் அவரை மடியில் போட்டுக்கொண்டு கட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தேன். கொஞ்ச நேரம் இருந்தார். “சரியாக் கூப்பிட்டேனா?”ன்னு கேட்டார். சரியாகக் கூப்பிட்டீர்கள் மச்சான் என்றேன். “ஆர்லிகிட்ட சொல்லு”ன்னார். அவ்வளவுதான்.

சத்தம் நின்றதும் என் கூடாரத்தில் தரைக்குப் போட்டிருந்த பழைய கதவுப் பலகையிலேயே அவரைக் கிடத்தி, வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துப் பாலம்வரை நாங்கள் நாலு பேர் தூக்கி வந்தோம். அங்கே காவல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒருவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அக்கா, சுட்டது அவர்கள். ஆனால் யாரைச் சுடுவது என்று காட்டிக்கொடுத்தது நான். அவர் ரகசியமாகத்தான் கூப்பிட்டார். நமக்கு ரகசியமாகப் பதில் சொல்லத் தெரியாதே. பிறந்ததிலிருந்து பழகின வாய், குரல் கேட்டால் பெயரைத் திருப்பிக் கத்துகிற வாய். இதை நான் டெல்ஃபாவிடம் மட்டும்தான் சொன்னேன். உனக்கு எழுத வேண்டாம், தாங்கமாட்டாள் என்றாள். எழுதாமல் என்னால் உயிரோடு இருக்க முடியாது.

காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று தோன்றினால் போடு. அதில் எழுதியிருப்பது பொய். ஆனால் நான் குற்றமில்லாதவன் என்று உன்னிடம் வந்து நிற்கமாட்டேன்.

ஹோபர்ட்

•

மேல் முகாம்
1921 பிப்ரவரி 17

ஹோபர்ட்டுக்கு,

அவர்கள் கொண்டுவந்து போட்ட அன்றைக்கு, டெம்ப்பியும் நானும்தான் அவரைக் கழுவினோம். நம் வீட்டில் செத்தவரை நாம்தானே கழுவுவோம், கம்பெனிக்கு அது தோன்றவில்லை. சட்டையைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் வைத்துவிடுவோம் என்று நினைத்தார்கள்போல. முதுகில் சின்ன ஓட்டை, குண்டு உள்ளே போன இடம். மார்பில் பெரிய ஓட்டை, அது வெளியே வந்த இடம். டெம்ப்பி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நேருக்கு நேர் மார்பில் சுட்டான் என்று வக்கீல் காகிதத்தைப் படித்துக் காட்டும்போதே எனக்கு அது பொய் என்று தெரியும்.

அப்புறம் ஏன் கேட்டேன் என்கிறாயா? அவர் போன வழி, திருப்பிப் போட்ட கோட்டு, அந்த மூட்டம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவரை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான்கு நாள் அதையே நினைத்துத் தூங்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், நீ அதை மறைக்கிறாயா என்று பார்க்கவேண்டும் என்றிருந்தது. மறைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? தெரியாது. போட்டிருக்கமாட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பேனா மேஜையில்தான் இருந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் கோபம் இருக்கிறது. நாளைக்கே போய்விடும் என்று சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை கையால் கூப்பிட்டிருந்தால் என்ன, என்று ராத்திரி பகலாக உன்னோடு சண்டை போடுகிறேன். பிறகு, போங்க என்று அனுப்பினது நான்தானே என்று நினைவு வருகிறது. நீ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். மச்சான் என்று கூப்பிட்டாய். அவர் அதைக் காதால் கேட்டார். இரண்டு வருடம் அதற்காகத்தான் காத்திருந்தார், என்னிடம் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் ‘முதுகில்’ என்று எழுதிக் கொடுத்தேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெம்ப்பியும் பார்த்திருக்கிறாள், சத்தியப் பிரமாணம் செய்யவும் தயார் என்றேன். சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாமானை நானே எடுத்து வாசலில் அடுக்கிவிட்டேன். என் பொருளில் ஒருத்தனும் கை வைக்க வேண்டாம்.

பூட்ஸைக் கொண்டு வருகிறேன். அவரைக் கழுவும்போது கழற்றிவைத்தது. நீ போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஏதாவது பேசினால் அதாலேயே அடிப்பேன்.

விழுந்த கட்டையை எடுத்து மறுபடி முளையில் வை. நான் சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாதையாகவே இறங்கி வருவேன், அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே வருவேன். வேலியில் நிற்பேன். மெதுவாகக் கூப்பிடமாட்டேன். ஆர்லீனா பார்ட்லோ வந்திருக்கிறேன் என்று சொல்வேன். நீ பயந்துகொண்டு வாய்க்குள் முணுமுணுக்காதே. அன்றைக்கு அவருக்குச் சொன்னாயே, அதே மாதிரி தொண்டை கிழியச் சொல். பார்ட்லோ என்கிற பெயரையும் விடாமல் சொல். மேடு அதைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்லி முடிக்கிறவரைக்கும் நான் வேலியிலேயே நிற்பேன்.

அக்கா